படலையில் நிற்கும் அன்பு

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயுற்ற பிள்ளையொன்று வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பினால் நாம் என்ன செய்வோம்? தோடம்பழமும் பிஸ்கற்றும் வாங்கிச் சென்று, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சி வருவோம். இது நம் சாவகச்சேரியின் நல்ல வழக்கம். ஆயினும், என்பு மச்சை மாற்றப்பட்டு வந்த பிள்ளைக்கு இவ்வழக்கமே ஆபத்தாகலாம். அதனை விளக்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

எலும்பினுள் இருக்கும் மென்மையான மச்சையே குருதிக் குழியங்களை உண்டாக்குகின்றது. தலசீமியா, குருதிப் புற்றுநோய் முதலியவற்றால் வருந்தும் பிள்ளைகள் சிலருக்கு, கடுமையான மருந்துகளால் பழைய மச்சையை அழித்து, பொருத்தமான வேறொருவரின் மச்சையை நாளத்தின் வழியே ஏற்றுவர். கொடுப்பவர் பலமுறை உடன்பிறந்தவராகவே இருப்பர். பண்டத்தரிப்பில் 19ஆம் நூற்றாண்டில் வைத்தியம் செய்த மிஷனரி டொக்டர் ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர். மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு அவ்வம்மையாரின் சரிதம் பழக்கமானது. அவர் 1900இல் வேலூரில் தொடங்கிய வைத்தியசாலையில், 1986ஆம் ஆண்டு முதல் இச்சிகிச்சை நடைபெற்று வருகின்றது.

புதிய மச்சை வேரூன்றச் சுமார் இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். ஆனால், வைரசுகளை இனங்கண்டு அழிக்கும் நிணநீர்க் குழியங்கள் முழுவலிமை பெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். காவல் குன்றிய இவ்விடைக்காலத்திலே பகைவன் இரு வழிகளால் வருகின்றான்.

ஒன்று உள்வழி. சைற்றோமெகலோ வைரசு போன்றவை சிறுவயதிலேயே நம்மிற் பெரும்பாலோரின் உடலிற் புகுந்து, தீங்கின்றி உறங்குகின்றன. காவல் தளர்ந்தவுடன் அவை விழித்து நுரையீரலையும் குடலையும் தாக்கும். முதல் 100 நாட்களில் இவ்வாபத்து மிகுதி. கொடுப்பவரின் மச்சையோடும் வைரசு வரலாம். அமெரிக்காவில் 1971இல் நோயெதிர்க்கும் ஆற்றலின்றிப் பிறந்து, பிளாஸ்ரிக் கூடாரத்துள் வளர்ந்த டேவிட் என்னும் சிறுவனுக்கு 1983இல் தமக்கையின் மச்சை ஏற்றப்பட்டது. அதனுள் மறைந்திருந்த எப்ஸ்ரைன்-பார் வைரசு புற்றுக்கட்டிகளை உண்டாக்கிற்று. 1984 பெப்ரவரியில், தனது 12ஆம் வயதில் அவன் இறந்தான். இன்றோ, குருதியை அடிக்கடி சோதித்து, நோய் தலைகாட்டுமுன்னரே வைரசைக் கண்டு மருந்து கொடுக்கின்றார்கள். உள்வழியைக் காப்பது வைத்தியரின் பணி.

மற்றையது வெளிவழி. நமக்கு வெறுந் தடிமனாக வருவது இப்பிள்ளைக்கு நுரையீரல் அழற்சியாகலாம். கொப்புளிப்பானும் சின்னமுத்தும் உயிரையே பறிக்கலாம். "பிள்ளைக்கு முன்னமே ஊசி போட்டாயிற்றே!" என்பீர்கள். பழைய மச்சையோடு அந்தப் பாதுகாப்பும் பெரும்பாலும் போய்விடுகின்றது. ஊசிகளைத் திரும்பவும் போடவேண்டும். அவற்றுள்ளும் சின்னமுத்து, கொப்புளிப்பான் ஆகியவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகளைப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே, வைத்தியர் அனுமதித்தாற் போடலாம். சின்னமுத்தை ஒழித்த நாடென 2019இல் இலங்கை அறிவிக்கப்பட்டது. 2023இல் அந்நோய் மீண்டும் பரவிற்று. இதனை நாம் மறக்கலாகாது.

அவ்வளவு காலமும் அப்பிள்ளைக்கு வெளிக்காவல் யார்? நாமேதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் ஊசி போடுவித்தால், அது அயல்வீட்டுப் பிள்ளையையும் காக்கும். தடிமனோ காய்ச்சலோ உள்ளவர் அவ்வீட்டுக்குப் போகலாகாது. தடிமனுடன் நோயாளரைப் பார்க்கச் சென்ற பிழையை நானும் செய்தவனே. போக நேர்ந்தவர் கைகழுவிச் செல்லட்டும், பிள்ளையை முத்தமிடாதிருக்கட்டும்.

"வீடுதேடிப் போனவர்களை உள்ளே விடவில்லை" என்று மனங்கோணுவோர் உண்டு. பெரியோர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலையைக் கண்டால், நம் பாட்டன்மார் படலையில் நின்றே சுகம் விசாரித்துத் திரும்பினர். அதனை எவரும் அவமதிப்பென்று கருதவில்லை. அன்று நோய் வெளியே வராதிருக்க நின்றார்கள். இன்று நோய் உள்ளே போகாதிருக்க நாம் நிற்போம். கொண்டுபோன பழத்தைத் தாயின் கையிற் கொடுத்து, பிள்ளைக்குத் தூரத்திலிருந்தே கையசைத்து வருவோம். அப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் நாளிலே ஆசைதீரக் கொஞ்சலாம்.