உணவுக்கு ஒரு திர்ஹம், கோடரிக்கு ஒரு திர்ஹம்

(எம். புதுப்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரை)

 

  

அன்ஸாரித் தோழர் ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத் நூலில் காண்கிறோம். உம் வீட்டில் ஏதேனும் உண்டா என்று நாயகம் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், நீர் அருந்தும் ஒரு கிண்ணமுமே உள்ளன என்றார் அவர். அவற்றைக் கொண்டுவரச் செய்து, சபையிலேயே ஏலம் விட்டு, இரண்டு திர்ஹம் பெற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்திற்கு உணவு வாங்கிக் குடும்பத்தாரிடம் சேர்க்கும்படியும், மற்றொன்றிற்குக் கோடரி வாங்கிவரும்படியும் பணித்தார்கள். அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாட்களுக்குப் பின் அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பி வந்தார்.

இச்செய்தியை உழைப்பின் சிறப்புக்குச் சான்றாக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த முதல் திர்ஹத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பசித்த வீட்டிலிருந்து வந்த மனிதரிடம் கோடரியை மட்டும் நாயகம் தரவில்லை. உணவை மட்டும் தந்து அனுப்பிவிடவும் இல்லை. உடலைக் காப்பதற்கு ஒன்று, உழைப்பைத் தருவதற்கு ஒன்று என இரண்டையும் ஒரே வேளையில் வழங்கினார்கள். வேலையின்மை, மக்கள் நலவாழ்வு, அரசின் செலவு ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள தொடர்பை இந்த இரண்டு திர்ஹங்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

வேலை போனால் உடல் என்னாகும்?

வேலை இழந்த வீட்டில் நோய் ஓசையின்றி நுழைகிறது. முதலில் பாலும் முட்டையும் நிற்கும். பிறகு தாய் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொள்வார். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரை இரண்டு நாளைக்கு ஒன்றாகும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட காய்ச்சல், மருத்துவமனையில் படுக்கும் அளவுக்கு முற்றும். அதற்கு வாங்கிய கடன் வட்டியுடன் வளரும். கடனும் கவலையும் சில ஆண்களை மதுவின் பக்கம் இழுக்கும். நோயுற்ற உடலுக்கு மீண்டும் வேலை கிடைப்பதோ அரிது. இவ்வாறு வேலையின்மை நோயையும், நோய் வேலையின்மையையும் மாறி மாறி ஈன்றுகொண்டே செல்லும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியா நாட்டில் மரியென்டால் என்னும் சிற்றூர் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அந்த ஆலை மூடப்பட்டது. அவ்வூர் மக்களை நேரில் ஆராய்ந்த அறிஞர்கள் 1933-ல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நேரம் மிகுதியாக இருந்தும் மக்கள் நூலகத்தில் நூல் எடுப்பது குறைந்துபோனது. தெருவில் நடக்கும் ஆண்களின் நடை வேகம் கூடத் தளர்ந்துபோனது. வேலை போனபோது கூலியோடு மனத்தின் ஊக்கமும் போயிற்று.

நம் பகுதியின் இருமுனைத் துயரம்

சகோதரர்களே! நம் வட்டாரத்தில் இத்துயருக்கு இரண்டு முனைகள் உண்டு. வேலை இல்லையென்றால் பசி. வேலை இருந்தால் ஆபத்து.

1991-ல் மீனம்பட்டி, 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆகிய இடங்களில் நிகழ்ந்த வெடிவிபத்துகளை இம்மாவட்டம் மறக்காது. முதலிப்பட்டியில் மட்டும் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் பிரிந்தன. 2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையத்தில் நிகழ்ந்த விபத்து நமக்கு மிக அருகிலேயே நடந்தது. அன்று மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வாரக் கூலிக்காகக் காலையில் வீட்டைவிட்டுச் சென்ற தாய்மார்கள்.

மறுமுனையைப் பாருங்கள். காற்று மாசு குறித்த வழக்கில் 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே இடமளித்தது. அவ்வாண்டுத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2019-ல்தான் மீண்டும் திறந்தன. 2021-ல் நீதிமன்றம் அத்தடைகளை மீண்டும் வலியுறுத்தியது.

தூய காற்று எல்லா மக்களின் உரிமை. தில்லியில் மூச்சுத் திணறும் குழந்தையும் அல்லாஹ்வின் படைப்பே. அத்தீர்ப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நாம் கேட்பது ஒன்றுதான். பொதுமக்களின் நலவாழ்வுக்காக ஒரு தொழில் சுருக்கப்படும்போது, அதன் விலையைச் செலுத்த வேண்டியவர் யார்? நன்மை நாடு முழுவதற்கும் சேர்கிறது. இழப்போ சரவெடி பின்னிய பெண்ணின் அடுப்பங்கரையில் வந்து விழுகிறது. பொதுநன்மையின் விலையைப் பொதுநிதியே செலுத்த வேண்டும். அதற்காகத்தான் பொதுநிதி என்ற ஒன்று இருக்கிறது.

அவ்வாறு செலுத்தப்படாதபோது என்ன நடக்கிறது? உரிமம் பெற்ற ஆலையில் வேலை குறைந்தவர்கள் உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளிலும், வீட்டுத் திண்ணைகளிலும், தகரக் கொட்டகைகளிலும் மருந்து அடைக்கச் செல்கின்றனர். அங்கே பாதுகாப்பும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை, காப்பீடும் இல்லை. வேலையின்மையே அவர்களை விபத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

விபத்து நிகழ்ந்ததும், எல்லாம் விதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சிரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே செல்லவிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்து படையுடன் திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். மக்களின் உயிரைக் காக்க முன்னேற்பாடு செய்வது ஈமானுக்கு முரணானதன்று. அது ஆட்சியாளரின் கடமை.

ஆட்சியாளர்களுக்கு முன்மாதிரி

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் ஏன் அவ்வளவு விரிவாக எடுத்துரைக்கிறது? விளைச்சல் பெருகிய ஏழாண்டுகளில் சேமித்து, பஞ்சம் வந்த ஏழாண்டுகளில் எடுத்து வழங்கினார்கள். செழிப்பில் சேர்த்துக் கஷ்டத்தில் செலவிடுவதே அரசின் இலக்கணம். கஷ்டம் வந்ததும் அரசு தன் கையைச் சுருக்கிக்கொண்டால், களஞ்சியம் எதற்கு?

ஹிஜ்ரி 18-ல் அரேபியாவில் கடும் பஞ்சம் நிலவியது. உமர் (ரலி) அவர்கள் வெளி மாகாணங்களிலிருந்து உணவு வரவழைத்தார்கள். அவ்வாண்டு ஜகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள். மக்கள் உண்ணாத நெய்யைத் தாமும் தொடவில்லை. வேறொரு சமயம், யாசித்து நின்ற யூத முதியவர் ஒருவரைக் கண்டு, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவித்தொகை வழங்க ஆணையிட்டார்கள். இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அவர்கள் கருத்து. மதம் அங்கே குறுக்கே நிற்கவில்லை. பட்டாசு ஆலையில் நம்மோடு உழைக்கும் இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களுக்காகவும் நாம் குரல் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே ஆதாரம்.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. இதே விருதுநகரில் பிறந்த காமராஜர், முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். அது 1982-ல் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. தந்தைக்கு வேலை போனாலும் பிள்ளையின் தட்டு காலியாகாமல் இருப்பதற்கு அச்செலவே காரணம். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் இங்கு வந்த முதலமைச்சர், விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளர்களுடைய பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என அறிவித்தார்.

கொரோனா காலத்தில் மக்கள் வேலையிழந்து ஊர் திரும்பியபோது, நூறு நாள் வேலைத் திட்டத்திற்கு முதலில் ஒதுக்கிய 61,500 கோடி ரூபாயுடன் மேலும் 40,000 கோடியை மத்திய அரசு சேர்த்தது. 2020-21-ல் பதினொரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் வேலை பெற்றனர். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றியது. அதன்படி நாட்கள் 125 ஆயின. செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கு தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் மேல் வந்தது. ஏட்டில் எத்தனை நாட்கள் என்பதைவிட, கஷ்டகாலத்தில் நிதி வந்து சேருகிறதா என்பதே முக்கியம்.

மருத்துவச் செலவையும் எண்ணிப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, நாட்டு வருமானத்தில் 2.5 விழுக்காட்டை 2025-க்குள் அரசுகள் மருத்துவத்திற்குச் செலவிட வேண்டும் என்றது. 2021-22-ல் அது 1.84 விழுக்காடுதான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு, 2013-14-ல் நூற்றுக்கு 64 ரூபாயாக இருந்து 2021-22-ல் 39 ரூபாயாகக் குறைந்தது. இது நல்ல செய்தியே. எனினும் கூலி நின்றுபோன வீட்டில் அந்த 39 ரூபாய்க்கு எங்கே செல்வது?

நமது கடமைகள்

அரசைக் கேட்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது.

முதலாவது, இந்த ஜமாஅத்தில் தொழில் நடத்துவோரும் ஒப்பந்தம் எடுப்போரும் இருக்கிறீர்கள். தொழிலாளியை இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யாமல் வேலை வாங்குவது, அவரது அமானிதத்தில் கைவைப்பதாகும். வேலையிழந்த காப்பீட்டாளருக்கு 90 நாட்கள் வரை ஊதியத்தின் ஒரு பகுதியை வழங்கும் திட்டத்தை இ.எஸ்.ஐ. 2018-ல் தொடங்கியது. 2020-ல் அத்தொகை கால் பங்கிலிருந்து அரைப் பங்காக உயர்த்தப்பட்டது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அதை எப்படிக் கேட்பார்? மிச்சம் பிடித்த சில ரூபாய்களுக்காக ஒரு குடும்பத்தின் மருந்தையும் பாதுகாப்பையும் பறித்துவிட்டு, முதல் ஸஃப்பில் வந்து நிற்பதில் என்ன பயன்?

இரண்டாவது, தொழிலாளர்களே! உள்குத்தகை அறையில் கூடுதலாகக் கிடைக்கும் கூலியை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நல வாரியத்திலும் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் பெயர் சேருங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு நம் மதரஸாவில் படித்த இளைஞர்கள் வாரம் ஒருநாள் எழுதிக் கொடுக்கட்டும். அதுவும் ஸதகாவே.

மூன்றாவது, ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் உள்ளனர். மருத்துவக் கடனில் மூழ்கிய உறவினர் யாரென்று ரமளானுக்குக் காத்திராமல் விசாரியுங்கள். இயன்றவர்கள் ஒரு தையல் இயந்திரமோ, ஒரு தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுங்கள். அதுவே நம் காலத்தின் கோடரி. ஆனால் நம் ஜகாத் அரசின் கடமைக்கு ஈடாகாது. வரி செலுத்தும் குடிமக்கள் என்ற முறையில், கிராம சபையிலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நம் உரிமையைப் பணிவோடும் உறுதியோடும் கேட்போம். தீக்காயச் சிகிச்சைக்குப் போதிய படுக்கைகளும் மருத்துவர்களும் வேண்டும். ஆலைகள் மூடிக்கிடக்கும் மாதங்களில் வாழ்வூதியம் வேண்டும். நம் பெண்பிள்ளைகளுக்கு வெடிமருந்து இல்லாத வேறு தொழில் வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் பரக்கத்தையும் எங்கள் உடல்களில் ஆஃபியத்தையும் தந்தருள்வாயாக! விபத்துகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு நீயே காவலனாக இருப்பாயாக! எங்களை ஆள்பவர்களின் உள்ளங்களில் ஏழைகள்பால் இரக்கத்தையும் நீதியையும் விதைப்பாயாக! பசித்த வயிற்றுக்கு உணவும், வெறுங்கைக்கு ஹலாலான வேலையும் சேர்ந்து கிடைக்கும் நாளை எங்கள் ஊருக்கு அருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.