கழிவுநீர்க் குழாயும் கல்வியும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வீட்டுக் கழிவுநீர்க் குழாய் பழுதுபட்டால் அதனைக் கண்டறிந்து சீர்செய்வது எவ்வாறு என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழில் இதைக் கண்டு சிலர் முகம் சுளித்திருக்கக்கூடும். "சாக்கடையிலிருந்து மீள்வதற்காகத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், வெள்ளி விழாவிலும் சாக்கடைப் பேச்சா?" என்று எண்ணுவது இயல்பே. அவ்வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒன்று கேட்கிறேன். படித்து, வேலை பெற்று, வீடு கட்டிய நம்மவர் வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டால் யாரை அழைக்கிறோம்? படிக்க வாய்ப்பற்றுப் போன நம் உறவுக்காரப் பிள்ளையைத்தானே? அவனைக் குழிக்குள் இறக்கிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே நிற்பவர்களுள் நாமும் ஒருவரானால், நாம் பெற்ற கல்வியின் பயன் என்ன?

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் இலண்டன் மாநகரையே நிலைகுலையச் செய்தது. அந்நகரத்துப் பெருங்கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்த பொறியாளர் ஜோசப் பசல்கெட்டுக்கு 1875இல் 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. அங்கே சாக்கடையை அறிந்தவருக்குப் பட்டம் வந்தது. இங்கே சாக்கடையில் உழைத்தவனுக்குத் தீட்டு வந்தது. ஆகவே இழிவு சாக்கடையில் இல்லை. அதனை ஒரு சாதியின் தலையில் கட்டிய சமுதாய அமைப்பில் இருக்கிறது. இவ்வேலையை விஞ்ஞானமாகக் கற்றவன் குழிக்குள் இறங்கத் தேவையில்லை என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

முதலில் நோயறிதல். ஒரே ஒரு குளியலறையில் மட்டும் நீர் தேங்கினால் பழுது அதன் கிளைக் குழாயில் உள்ளது. சமையலறையில் நீர் ஊற்றும்போது கழிப்பறையில் 'களக், களக்' என்ற ஒலி கேட்டாலோ, வீட்டின் தாழ்ந்த பகுதியில் நீர் மேலேறி வந்தாலோ, பழுது தாய்க் குழாயில் உள்ளது. அடுத்து, சேம்பர் மூடிகளைத் திறந்து, முகத்தை விலக்கிச் சற்று நேரம் காற்றாட விடுங்கள். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. உள்ளே தீப்பற்றும் வாயு இருக்கலாம். மேல் சேம்பர் நிறைந்தும் கீழ் சேம்பர் காய்ந்தும் இருந்தால், அடைப்பு அவ்விரண்டிற்கும் இடையே. கடைசிச் சேம்பர் வரை எல்லாம் நிறைந்திருந்தால் குற்றம் தெருக் குழாயிலோ, மலக்குழியிலோ இருக்கலாம்.

அடைப்பு வேறு, உடைப்பு வேறு. நீக்கிய அடைப்பு சில நாட்களில் மீண்டும் வருமானால், குழாய் உடைந்திருக்கலாம், மண்ணில் அமிழ்ந்திருக்கலாம், மர வேர் இணைப்பின் வழியே புகுந்திருக்கலாம். மழையின்றித் தரை ஈரமாயிருப்பதும், மண் உள்வாங்குவதும், ஓரிடத்தில் மட்டும் புல் செழிப்பதும் உடைப்பின் அடையாளங்கள். குடிநீர்க் குழாயின் கசிவா என்பதை, அதன் வால்வை மூடிப் பார்த்து முதலில் தெளிந்துகொள்ளுங்கள். ஐயம் தீர மூன்று சோதனைகள் உண்டு. குழாயின் ஒரு முனையில் விளக்கையும் மறுமுனையில் கண்ணாடியையும் வைத்துப் பாருங்கள். ஒளி முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேராயுள்ளது, பிறை போல் தெரிந்தால் எங்கோ அமிழ்ந்துள்ளது. குழாயின் விட்டத்தைவிட அரை அங்குலம் குறைந்த வழவழப்பான பந்தை மேல் முனையில் உருட்டிவிடுங்கள். தடையின்றி மறுமுனைக்கு வரவேண்டும். கீழ் முனையை அடைத்து நீர் நிரப்புங்கள். மட்டம் தொடர்ந்து இறங்கினால் கசிவு உறுதி. இன்று குழாய்க்குள் அனுப்பும் கேமராவும் வந்துவிட்டது.

இனிச் சீர்செய்தல். மூங்கில் பிளாச்சு எவ்வளவு நீளம் சென்று தடைபட்டதோ, அந்நீளத்தைத் தரைமேல் அளந்து அவ்விடத்தில் தோண்டுக. பள்ளம் ஐந்தடிக்கு மேல் போனால் இருபுறமும் பலகை முட்டுக் கொடாமல் யாரும் இறங்கலாகாது. மண் சரிந்து மாண்டவர் பலர். கையுறையும் காலணியும் கட்டாயம். உடைந்த குழாயின்மேல் சிமெண்டு பூசுவது மருந்தாகாது. உடைந்த துண்டை முழுவதும் நீக்கிப் புதியது பொருத்துக. குழாயின் அகன்ற வாய் நீர் வரும் மேட்டுப் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியம் வாட்டம். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி. ஆறு அங்குலக் குழாய்க்கு அறுபதடிக்கு ஓரடி. இருபதடி நீளமுள்ள நான்கு அங்குலக் குழாய் ஆறு அங்குலம் இறங்க வேண்டுமென்று கணக்கிடுவது பள்ளிப் பிள்ளையாலும் இயலும். வாட்டம் குறைந்தால் கழிவு தங்கும். நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்மதிப்பை நம்பாதீர்கள். மண் மூடுமுன் மீண்டும் நீர்ச் சோதனை செய்க. குழாயைச் சுற்றிக் கல்லில்லாத மணலிட்டுக் கையால் இறுக்கிய பின்னரே மேல்மண் தள்ளுக.

இளைஞர்களே, இதுவரை சொன்னது வெளியிலிருந்து செய்யும் வேலை. மலக்குழிக்குள்ளும் தெருச் சாக்கடைக் குழிக்குள்ளும் யாரும் இறங்கலாகாது. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு தங்கும். சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே அழித்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்குகிறவன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்கச் சென்றவனும் விழுகிறான். ஒரே குழியில் அண்ணனும் தம்பியும் மடிவது இதனாலேதான்.

1993இல் ஒரு சட்டம் வந்தது. போதாமையால் 2013இல் மற்றொன்று வந்தது. அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்குவது அதன்படி குற்றம். முதல் முறைக்கே ஈராண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆனால் இழப்பீடு பெறுவதற்காக நாம் பிள்ளைகளைப் பெறவில்லை. சட்டம் வந்த பின்னும் சாவு நிற்கவில்லை என்பதை நாம் அறிவோம்.

எனவே இச்சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். நம் பிள்ளைகளுள் விரும்புவோர் தொழிற்பயிற்சி நிலையத்தில் குழாய்த் தொழிலை முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற உதவுங்கள். ரசமட்டம் பிடித்த கைக்கு உரிய கூலியைத் தயங்காது கேட்கட்டும். இரண்டாவது, நம் உறுப்பினர் ஒவ்வொருவரும், 'என் வீட்டுக் குழிக்குள் எவரையும் இறக்கமாட்டேன். இயந்திரத்தையே அழைப்பேன்' என்று இன்று உறுதி கொள்ளுங்கள். ஊராரிடம் இந்நியாயத்தைக் கேட்குமுன் நம் வீட்டு வாசலில் அதனை நிலைநாட்டுவோம்.