மதில் பாசியில் ஒரு நீர்க்கரடி



உலகின் மிகக் கடுமையான இடங்களில் உயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். உடனே எனக்கு நினைவுக்கு வந்தது அண்டார்ட்டிகா அல்ல, இந்தத் திருவனந்தபுரத்து மதில்சுவர்தான்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் எந்த மதிலைப் பார்த்தாலும் பாசி பச்சைப்பசேலென்று படர்ந்திருக்கும். அதே மதிலை மார்ச் மாத நண்பகலில் தொட்டுப் பாருங்கள். கை சுடும், பாசி கருகி உதிரும். அதற்குள் ஒரு துளி ஈரத்தை நம்பி வாழும் பிராணிக்கு அதைவிடக் கொடிய பாலைவனம் எது?

அந்தப் பிராணிதான் நீர்க்கரடி. எட்டுக் குட்டைக் கால்கள், நுனியில் நகங்கள், பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த உடல். 1773இல் யோஹான் கோஸே என்ற ஜெர்மானியப் போதகர் நுண்ணோக்கியில் கண்டு இந்தப் பெயரை வைத்தார். அதன் அசைந்தாடும் நடையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், கோடை விடுமுறைக்கு முன்பே காய்ந்த பாசியைச் சுரண்டிக் காகித உறையில் போட்டு அலமாரியில் வைக்கச் சொல்வேன். ஜூனில் திறந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து மழைநீரில் ஊறப்போட்டு, பிழிந்த நீரை நுண்ணோக்கியில் பார்ப்போம். முதலில் மண்ணும் தூசியும்தான் தெரியும். நடுவே சுருங்கிய துணுக்கு ஒன்று கிடக்கும். அது மெல்ல உப்பும். ஒரு கால் வெளியே வரும், பிறகு இன்னொன்று. "டீச்சரே, அனங்ஙுன்னு!" (அசைகிறது!) என்று ஒரு மாணவி ஆய்வகமே திரும்பிப் பார்க்கக் கூவியது இன்னும் காதில் கேட்கிறது. கூவாமல் என்ன செய்வாள்? அத்தனை வாரம் அலமாரியில் வறண்டு கிடந்த உயிர் கண்முன் நடக்கிறது.

இது எப்படி முடிகிறது? ஈரம் வற்ற வற்ற நீர்க்கரடி தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உடலின் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விடும். மற்ற உயிரணுவாக இருந்தால் அந்நேரம் சவ்வு சிதையும், புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகும். நீர்க்கரடியிடமோ நிலையான வடிவமே இல்லாத சில புரதங்கள் இருக்கின்றன. தாமஸ் பூத்பி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2017இல் இவற்றின் வேலையை விளக்கியது. கமர்கட்டுக்குக் காய்ச்சும் வெல்லப்பாகு இறுகித் தேங்காய்த் துருவலை இருந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் அல்லவா? அப்படியே இந்தப் புரதங்களும் கெட்டிப்பட்டு, உயிரணுவின் பாகங்களைக் கலையாமல் காக்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். ஈரத்தில் ஊர்ந்து திரியும்போது நீர்க்கரடி அப்படியொன்றும் பலசாலி அல்ல. காய்ந்த பிறகுதான் அந்த வலிமை. அதுவும் பையப்பையக் காய வேண்டும், சட்டென்று காய்ந்தால் பல வகைகள் பிழைப்பதில்லை.

அப்படிக் காய்ந்தவற்றை 2007இல் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் ஏற்றி, 10 நாள் திறந்த விண்வெளியில் வைத்தார்கள். வெற்றிடத்தை அவை நன்றாகவே தாங்கின. சூரியனின் புற ஊதாக் கதிர் முழுதாகப் பட்டவற்றில் மிகச் சிலவே மீண்டன. விண்வெளியை இந்தப் பிராணியின் முன்னோர் கண்டதே இல்லை. பாசியிலும் சுவரிலும் திரும்பத் திரும்பக் காய்ந்து நனைந்ததில் வந்த திறமைதான் அங்கும் கைகொடுத்தது என்பதே என் எண்ணம். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்துச் சுவர்ப் பாசியில் கிடைத்த ஒரு வகையைப் பற்றி 2020இல் ஆய்வு வந்தது. அது புற ஊதாக் கதிரை உறிஞ்சித் தீங்கில்லாத நீல ஒளியாக வெளிவிட்டுப் பிழைக்கிறதாம்!

2025இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனபோது இந்திய நீர்க்கரடிகளும் கூடப் போயின. நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சேதி: கேரளத்தின் ஜோதி, உமா நெல்லும், வெள்ளாயணி விஜய் தக்காளியும் விதைகளாக அதே பயணத்தில் சென்று திரும்பின. ஈரத்தை விட்டுக்கொடுத்துக் காத்திருப்பது விதைக்கும் தெரிந்த வித்தைதானே.

கடலிலும் நீர்க்கரடிகள் உண்டு. மண்டபம் கடற்கரை மணலில் கொச்சிப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த ஒன்றுக்குக் விஞ்ஞானி அப்துல் கலாமின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பக்கத்து ராமேஸ்வரத்தில் பிறந்து, இங்கே தும்பா தேவாலயத்தில் ராக்கெட் வேலையைத் தொடங்கியவர் அல்லவா அவர்! ஆனால் கடல்வாழ் வகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காய்ந்து மீளும் திறமை கிடையாது. வற்றாத நீரில் அதற்குத் தேவையும் இல்லை.

கொதிநீர் ஊற்றுப் பாக்டீரியாக்களையும் ஆழ்கடல் உயிர்களையும் சொல்ல நேரம் போதவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களே, பெற்றோரே, வீட்டு மதிலிலிருந்து சிட்டிகைப் பாசியை எடுத்து, குழாய்த் தண்ணீர் வேண்டாம், மழைநீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நுண்ணோக்கியில் காட்டுங்கள். முதல் நாள் கிடைக்காவிட்டால் வேறொரு மதிலில் தேடுங்கள். நம் நாட்டு நீர்க்கரடிகளைப் பற்றிய ஆய்வு இன்னும் குறைவுதான். அடுத்த புதிய வகையை இந்த ஊர் மதிலிலிருந்து நம் பிள்ளை ஒருவர் கண்டெடுக்க வேண்டும் என்பது என் ஆசை.