கிராக்கரை இழுக்கணும்

கிறிஸ்துமஸ் பற்றி ஆங்கிலத்தில் பேசப் பழகுகிறீர்களா? பெயர்ச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அதோடு வரும் வினைச்சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிராக்கர் என்றதும் நமக்குச் சிவகாசிப் பட்டாசுதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் கிராக்கர் என்பது சாப்பாட்டு மேசையில் வைக்கும் காகிதக் குழல். பெரிய மிட்டாய் போல இரண்டு முனையும் முறுக்கியிருக்கும். அதைக் கொளுத்த மாட்டார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுப்பார்கள். ‘டப்’பென்று பிரியும். உள்ளே காகிதக் கிரீடம், சின்னப் பரிசு, ஒரு சிரிப்புத் துணுக்கு. பெரியவர்களும் அந்தக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். எத்தனை அழகான வழக்கம்!

ஆகவே, வெறும் ‘கிராக்கர்’ போதாது. ‘புல் எ கிராக்கர்’ என்று படியுங்கள். கிறிஸ்துமஸ் பாட்டான கேரல் என்றால் ‘சிங் எ கேரல்’. பரிசுக்காகத் தொங்கவிடும் காலுறையான ஸ்டாக்கிங் என்றால் ‘ஹேங் எ ஸ்டாக்கிங்’. வினையோடு சேர்த்து, வாய்விட்டு நாலு தடவை சொல்லுங்கள்.