கண்மாய் ஒரு புள்ளி இல்ல

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். ஒரு மனை வாங்கப் போறீங்க. அது கண்மாய் எல்லைக்குள்ள வருதான்னு ஒரு சர்ச் மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கும்?

எங்க ஊர் நாட்டரசன்கோட்டையையே எடுத்துக்குவோம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவுல முகப்புல ஆரம்பிச்சு, அடுத்த தெருவுலதான் முடியும். மேப்ல அதுக்கு ஒரே ஒரு பின் குத்தினா, பார்சல் கொண்டு வர்றவர் எந்த வாசலுக்கு வருவார்? வீட்டுக்கு இது சின்னத் தொல்லை. ஆனா கண்மாயையும் நடுவுல ஒரு புள்ளியா சேமிச்சா, கரையோரமா எல்லைக்குள்ளயே இருக்கற மனைக்கும் “நீர்நிலை 400 மீட்டர் தள்ளி இருக்கு”ன்னு பதில் வரும். அதை நம்பி முன்பணம் கொடுத்தவர் கதி? அதனாலதான் புள்ளி போதாது, வடிவம் வேணும்.

முதல் வழி, கட்டம் போடுறது. அஞ்சல் துறை 2025 மே மாசம் வெளியிட்ட டிஜிபின் இதுக்கு நல்ல உதாரணம். இந்தியாவை மூடுற ஒரு பெரிய சதுரத்தை 16 கட்டமாப் பிரிக்கறாங்க. ஒவ்வொண்ணையும் மறுபடி 16. இப்படி 10 தடவை பிரிச்சா, சுமார் 4 மீட்டர் கட்டம் கிடைக்கும். 10 எழுத்துல முகவரி ரெடி. முன்னெழுத்துகள் ஒண்ணா இருந்தா ரெண்டு இடமும் ஒரே பெரிய கட்டத்துக்குள்ள இருக்கு.

ஆனா ஒரு சிக்கல். முதல் கட்டக்கோடு ஒண்ணு 11.5 டிகிரி அட்சரேகையில போகுது. அதனால ராசிபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் முதல் எழுத்து ஒண்ணு. பக்கத்துல இருக்கற சேலத்துக்கு வேற!

வடிவத்துக்கு வந்தா இன்னும் கஷ்டம். 1 கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம் உள்ள கண்மாயை 4 மீட்டர் கட்டத்தால நிரப்பினா, 31,250 கட்டம். உள்பக்கம் பெரிய கட்டம் போட்டு மிச்சம் பிடிக்கலாம். ஆனா வளைஞ்ச கரை முழுக்க சின்னக் கட்டம்தான். துல்லியம் கூடக் கூட இண்டெக்ஸ் வீங்கும்.

ரெண்டாவது வழி, சுத்தி ஒரு பெட்டி போடுறது. 1984-ல அன்டோனின் கட்மேன் எழுதின ஆர்-மரம் இந்த யோசனைதான். முதல்ல பெட்டியைப் பாரு, சம்பந்தமே இல்லாததைத் தள்ளு, மிச்சத்தை மட்டும் துல்லியமா சோதி. ஆனா கண்மாய் பிறை மாதிரி இருந்தா, பெட்டிக்குள்ள பாதி வயல்தான் இருக்கும். வீண் சோதனை நிறைய நடக்கும்.

லூசீன் செஞ்சது ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி. வடிவத்தை முக்கோணங்களா வெட்டு. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு குட்டிப் பெட்டி. அந்தப் பெட்டிகளை பிகேடி மரத்துல அடுக்கு. குட்டிப் பெட்டிங்கறதால வயல் அதிகமா மாட்டாது. கரையோரத்துக்கு ஆயிரக்கணக்குல கட்டமும் வேண்டாம். லூசீன் மேல ஓடுற எலாஸ்டிக்சர்ச், 2019-ல வந்த 6.6 பதிப்புல இருந்து வடிவங்களுக்கு இதைத்தான் பயன்படுத்துது.

கடைசியா ஒண்ணு. இண்டெக்ஸ் எவ்வளவு வேகமா இருந்தாலும், உள்ள போட்ட எல்லைக்கோடு தப்புன்னா பதிலும் தப்புதான், வேகமா வரும், அவ்வளவுதான். அதனால ஆப் பச்சை காட்டினாலும், புல வரைபடத்தையும் பட்டாவையும் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!