எண்ணெய் எடுத்த பிறகு



ஈஜிபுரா மளிகைக் கடையில் பாமாயில் விற்கிறது. அது எண்ணெய்ப்பனையின் பழத்தில் கிடைப்பது. மலேசியத் தமிழர்கள் அந்த மரத்தைச் செம்பனை என்பார்கள்.

100 கிலோ பழக்குலையில் ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் கிடைக்கும். மிச்சம் என்ன? நார், ஓடு, வெறும் குலை.

மலேசிய ஆலைகளில் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரிக்கிறார்கள். தண்ணீர் நீராவி ஆகிறது. நீராவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது. ஆலை ஓடுகிறது. அடுத்த குலையும் அதே நீராவியில் வேகிறது.

வெறும் குலையில் ஈரம் அதிகம். அப்படியே போட்டால் சரியாக எரியாது. அதைத் தோட்டத்துக்கு உரமாகப் போடுகிறார்கள்.

காய்ந்தது நெருப்புக்கு, ஈரமானது மண்ணுக்கு. பிரித்ததால்தான் இரண்டும் பயன்பட்டன.

தெருவில் எல்லாவற்றையும் கலந்து கொளுத்தினால்? புகைதான் வரும். பிள்ளைகளுக்கு இருமல்தான் வரும். வீட்டுக் குப்பையைக் கொளுத்தாதீர்கள். ஈரக் குப்பை தனி, உலர்ந்த குப்பை தனி என்று பிரித்துக் கொடுங்கள்.