கம்பெனியும் குடிமகனா?

(பூனாகலையில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் இன்று "நிறுவனக் குடிமைப் பொறுப்பு" என்றொரு சொற்றொடர் பவனி வருகின்றது. கம்பெனியும் நற்குடிமகனாக நடக்கவேண்டும் என்பது அதன் பொருள். நல்ல சொல்தான். ஆனால் குடியுரிமையின் விலையை நம்மைவிட அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. எஞ்சி நின்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டது. மலையைத் திருத்தியவனின் மக்கள் 55 ஆண்டுகள் காத்திருந்தனர். கம்பெனிக்கோ பதிவான அன்றே சட்டத்தின் முன் "ஆள்" என்னும் தகுதி! அத்தகுதியை நான் மறுக்கவில்லை. தகுதி இருக்குமிடத்தில் கடமையும் இருக்கவேண்டும் என்பதே என் வாதம்.

அரசுடைமையாயிருந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்கு வந்தது. குத்தகை 2045 வரை. நாள் குறித்த குத்தகைக்காரன் கொழுந்தைக் கவனிப்பான். தனக்குப் பின் வரும் காலத்துக்காக மண்ணைக் கவனிப்பானா? இங்கேதான் சிக்கல்.

2014 அக்டோபர் 29ஆம் நாளை மறப்போமா? நமக்கு அண்மையிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை உயிரோடு மூடியது. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர்! 2023 மார்ச்சில் இதே பூனாகலையில், கபரகலையிலும் மண் சரிந்தது, குடும்பங்கள் வீடிழந்தன.

பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுப்பதும், மரக்கன்று நட்டுப் படம் பிடிப்பதும் நற்செயல்களே. அவை தருமம். தருமம் இலாபம் குறைந்தால் நிற்கும். மண்ணும் மக்களும் வியாபாரத் திட்டத்திலேயே, வரவுசெலவுக் கணக்கிலேயே இடம்பெற்றால்தான் அது பொறுப்பு.

"கொழும்பு ஏலத்தில் விலையில்லை, செலவு தாங்காது" என்பர். ஏலத்தின் ஏற்றத்தாழ்வு உண்மையே. எனினும், ஆடி ஆவணியின் வரண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் மணம் வேறெந்த நாட்டில் விளையும்? கான் வெட்டாது விட்டு மேல்மண் கரைந்தோடினால், அனுபவமுள்ள கைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டால், அந்த மணத்தை எந்த ஏலத்தில் வாங்குவர்?

உலகச் சந்தையும் மாறிவிட்டது. 1890இல் தம்பேதன்னையை வாங்கிய லிப்டனின் பெயரால் தேயிலை விற்ற யூனிலீவர் நிறுவனம், மண்ணையும் தொழிலாளரையும் பேணும் தோட்டமெனச் சான்று பெற்ற தேயிலையை வாங்கப்போவதாக 2007இல் அறிவித்தது. சான்றிதழ் வேண்டுமெனில் சான்றுக்குரிய வாழ்வும் வேண்டுமல்லவா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஆபத்தென அறிவிக்கப்பட்ட லயங்களை அகற்றவும், பாதுகாப்பான நிலத்தில் உறுதியுடன் கூடிய வீடுகள் அமைக்கவும், அரசும் கம்பெனியும் காலக்கெடு விதித்து நிதி ஒதுக்கவேண்டும். கான், காடு, நீரூற்றுப் பராமரிப்பு ஆண்டுதோறும் கணக்கில் காட்டப்படவேண்டும். சான்றிதழ் தரவரும் பரிசோதகர், துரைமார் அருகில் இல்லாத வேளையில், கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்டறியவேண்டும்.

இவை சலுகைகளல்ல, தோழர்களே! குடிமகன் என்ற பெயரைக் கம்பெனி விரும்புகிறது. அப்பெயருக்குரிய கடனைச் செலுத்தட்டும். அதைக் கேட்டுப் பெற, தோட்டந்தோறும் ஒன்றுபட்டு நிற்போம்!